ரூபினி வாய் திறந்த அளவு

ரூபினிக்கு எதையும் அளந்து பார்த்தாக வேண்டும். "இது ஒரு வியாதி" என்று அவள் அம்மா ஜெயலெட்சுமி, அதாவது என் சின்னம்மா, சொல்வார். பினாங்குத் தீவில் சுங்கை பினாங் பக்கம் ஓர் அடுக்குமாடிப் பிளாட்டில் பதினான்காவது மாடியில் அவர்கள் வீடு. லிஃப்ட் கீழேயிருந்து பதினான்காவது மாடிக்கு வர ஆள் இல்லாதபோது முப்பத்தெட்டு விநாடி, ஆள் நிறைந்திருந்தால் நாற்பத்தொரு விநாடி ஆகிறது என்று ஒருமுறை எனக்கு வாட்ஸப்பில் எழுதினாள். கூடவே ஒரு கேள்வி. "இது எடையாலயா அக்கா, இல்ல கதவு மூட லேட்டாகுதா? நீதானே யுனிவர்சிட்டி போனவ."

எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது உணவு அறிவியல். கெப்பாலா பத்தாஸில் ஒரு சாஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. சாஸில் உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று எழுதி வைப்பவள். ஆனால் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் லிஃப்ட் கேள்வியும் எனக்குத்தான் வரும், பெரியப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட்டும் எனக்குத்தான் வரும். தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏதாவது பதில் சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ரூபினிக்குப் பதினாறு வயது. அவள் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். சின்னம்மாவுக்குப் பத்து காவானில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் கடல் பாலம் தாண்டிப் போய், பாலம் தாண்டி வந்து, படுத்துவிடுவார். ஆகவே ரூபினி தனக்குத் தானே சமைத்துக்கொள்வாள். முடிவுகளையும் பெரும்பாலும் தானே எடுத்துக்கொள்வாள்.

அந்தப் பிளாட்டில் ஓர் உறுமி மேளக் குழு இருக்கிறது. பன்னிரண்டு பையன்கள். தலைவன் ஷர்வின், இருபத்து நான்கு வயது, கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. தைப்பூசத்தன்று காவடி எடுப்பவருக்கு முன்னால் மேளம் அடித்துப் பாடிக்கொண்டே தண்ணீர்மலை முருகன் கோயில் வரை போவார்கள். இந்த முறை, வழக்கமாகப் பாடுகிற பையன் ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கோயில் வெள்ளிக்கிழமை பஜனையில் ரூபினி பாடுவதைக் கேட்டிருந்த ஷர்வின், அவளைப் பாட வரச் சொன்னான். அந்தக் குழுவில் பெண் பாடுவது அதுதான் முதல் தடவை.

"மூணாவது பாட்டுலயே மூச்சு வாங்கும்லா இவளுக்கு" என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான்.

"நீ தவில தூக்கி நடக்கறப்ப முதல் பாட்டுலயே வாங்குதே, அது என்ன?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

எல்லோரும் சிரித்தார்களாம். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் உட்கார்ந்துவிட்டது. நான்கு பாட்டு. நான்கையும் குறை சொல்ல இடம் வைக்காமல் பாடி முடிக்க வேண்டும். அந்த வருடம் அவள் வேறு எதையும் அவ்வளவு விரும்பியதாக எனக்குத் தெரியவில்லை.

குழுவில் எல்லோரும் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்க வேண்டும் என்று ஷர்வின் சொல்லியிருந்தான். ரூபினி அதைக் கேட்டு வந்து, ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, மற்ற நேரம் தண்ணீர் மட்டும் என்று முடிவு செய்தாள். பகல் பன்னிரண்டரைக்குக் குளித்துவிட்டு, விளக்கேற்றி, சோறும் ஒரு காயும். அதோடு சரி. சின்னம்மா கேட்டதற்கு "எல்லாரும் அப்படித்தான்மா" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் அப்படியா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. எதையும் அளந்து பார்க்கிறவள் அதை மட்டும் அளக்கவில்லை.

விரதத்தின் பதினைந்தாம் நாள் பல்வலி வந்தது. கீழ்வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப்பல். சிறு வயதிலேயே ஓட்டை விழுந்து அடைத்த பல்தான். அரசாங்கப் பல் கிளினிக்கில் டாக்டர் ஷஃபீக் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நரம்பு கெட்டுவிட்டது, ரூட் கனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார். அவர் பினாங்குத் தமிழ் முஸ்லிம். தமிழிலேயே விளக்கினாராம். அன்றைக்கு ரூபினி எனக்குப் பேசியது முக்கால் மணி நேரம்.

"அக்கா, பல்லு வேருக்குள்ள ஒரு குழா இருக்கு. அதச் சுத்தம் பண்ண குட்டிக் குட்டியா ஊசி மாதிரி அரம். கைப்பிடி ஒவ்வொண்ணும் ஒரு கலர். வெள்ளைனா பதினஞ்சாம் நம்பர். மஞ்சள் இருவது, சிவப்பு இருவத்தஞ்சு. நம்பர்னா என்னன்னு கேட்டேன். பதினஞ்சுனா முனை பூஜ்யம் புள்ளி ஒண்ணு அஞ்சு மில்லிமீட்டராம். முடி மாதிரி! அதுக்குள்ள போயி சுத்தம் பண்றாங்க, யோசிச்சுப் பாரேன்."

"வலிச்சுதா?"

"மரத்துப் போச்சு. அதப் பத்திப் பேசவே இல்லயே நான்."

முதல் நாள் வேருக்குள் சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். இன்னும் இரண்டு முறை வர வேண்டும். மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. மறுபடி போனாள். டாக்டர் பல்லைத் திறந்து சீழ் வடியவிட்டு, திரும்ப மூடி, இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பதினைந்து. ஐந்து நாளைக்கு. பொட்டலத்தில் மலாயில் எழுதியிருந்தது: ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று முறை, உணவுக்குப் பின்.

அன்று மாலை எனக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, இந்த மாத்திர கண்டிப்பா சாப்பிட்டுட்டுத்தான் போடணுமா? வெறும் வயித்துல போட்டா என்ன ஆகும்?"

நான் அப்போது சாஸ் மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டுட்டுத்தான் போடணும். இல்லன்னா வயிறு புரட்டும், வாந்தி வரும்" என்று அனுப்பினேன். அவள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். அந்த உரையாடலைப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கேள்வி வந்த அதே நிமிடத்தில் பதில் போயிருக்கிறது.

மாத்திரை வாங்கிய எட்டாம் நாள் சனிக்கிழமை. காலை எட்டரைக்குச் சின்னம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் எனக்கு அழைத்தார்.

"இங்க வாயேன்மா. இவளுக்கு வாய் திறக்க மாட்டேங்குது."

நான் காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது ரூபினி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது தாடைக்குக் கீழே கழுத்து வரை கல் வைத்தது போல் வீக்கம். தோல் மினுமினுவென்று சிவந்திருந்தது. உடம்பு கொதித்தது. எச்சில் விழுங்க ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டாள். வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்று கேட்டேன். பற்களுக்கு நடுவே என் சுண்டுவிரல்கூட முழுசாகப் போகாது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் மலாயில் கேள்விகள் கேட்டார். எப்போதிலிருந்து, மூச்சு விட முடிகிறதா, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாளா.

"ஒரு நாளும் விடல" என்றார் சின்னம்மா. "தெனமும் போட்டா. நானே பாத்தேன்."

"பாக்கெட் இருக்கிறதா?"

சின்னம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் எண்ணினார். முகம் மாறியது. என்னிடம் நீட்டினார். பதினைந்தில் எட்டு மிச்சம். அடுத்ததிலும் எட்டு.

ஐந்து நாளில் முடிய வேண்டிய மருந்து. ஏழு நாள் ஆகியும் பாதிக்கு மேல் இருக்கிறது.

"ஏய், என்னடி இது?" சின்னம்மா மகளைப் பார்த்தார்.

ரூபினியால் பேச முடியவில்லை. போனை எடுத்துத் தட்டினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"சாப்பாட்டுக்குப் பின்னாலன்னு போட்டிருக்கு. நான் ஒரு வேளதான் சாப்பிடறேன். அதான் ஒரு மாத்திர. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு அக்கா சொன்னா. பதினஞ்சு நாள் வரும்னு கணக்கு போட்டேன்."

சின்னம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவது போல் இல்லை. என்ன சொன்னாய் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நான் டாக்டரிடம் விரதத்தை விளக்கினேன். அவர் முழுதாகக் கேட்டார். எழுதிக்கொண்டார். பிறகு, நேரம் இல்லை, தாடைக்குக் கீழே சீழ் கட்டியிருக்கிறது, வீக்கம் இன்னும் கீழே பரவினால் மூச்சுக் குழாயை நெருக்கும், இன்றைக்கே மயக்க மருந்து கொடுத்துத் திறக்க வேண்டும் என்றார். பல் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. ரூபினி மட்டும் போனில் தட்டினாள்: "எத்தனை மில்லிமீட்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. "வாய் எவ்வளவு திறக்கிறது என்று கேட்கிறாள்" என்றேன்.

அவர் ஒரு சின்ன அளவுகோலை எடுத்து அவள் முன்பற்களுக்கு நடுவே பிடித்தார். "பதினொன்று."

"சாதாரணமாக எவ்வளவு?" என்றேன்.

"நாற்பது, நாற்பத்தைந்து."

ரூபினி போனில் மறுபடி தட்டினாள். இந்த முறை என்னிடம் மட்டும் காட்டினாள். "தைப்பூசத்துக்கு இன்னும் இருவத்திமூணு நாள்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. தாடைக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் கீறி, ரப்பர் குழாய் வைத்துச் சீழை வெளியே எடுத்தார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது அந்தப் பல்லைத்தான். ஒரு தாதி சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார். அடுத்த இரண்டு நாள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர் நுனியில் ஊசி குத்தியது போல ஓர் ஓட்டை. "இது வழியாவா இவ்ளோ பெரிய வேல நடந்துச்சு" என்று எழுதிக் காட்டினாள்.

எனக்கும் அதே ஆச்சரியம்தான். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர், தாடைக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற இடத்துக்குப் பக்கத்தில் முடிகிறது. சீழ் அங்கே இறங்கும். மெல்லுவதற்கு உதவும் தசை பக்கத்திலேயே இருப்பதால் அது பயந்துபோய் இறுகிவிடும். இறுகினால் வாய் திறக்காது. சீழ் போன பிறகும் தசை உடனே நம்பாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் படிக்க முடிந்தது. பொட்டலத்தின் மேல் இருந்த ஒரு வரியைப் பற்றி, 'ஏன் கேட்கிறாய்?' என்று ஒரு கேள்வி கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் என்னிடம் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னேன். பரீட்சையாக இருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

மூன்றாம் நாள் ஷர்வின் இரண்டு பையன்களோடு வார்டுக்கு வந்தான். கையில் சோயா பால் பாக்கெட்டுகள்.

"என்னலா, மைக்க முழுங்கிட்டியா?"

ரூபினி சிரிக்கப் பார்த்து, வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதீங்கப்பா" என்றார் சின்னம்மா. பிறகு அவனிடம், "ஏன் தம்பி, வளர்ற புள்ளைங்கள ஒரு வேள சாப்பாட்டுல நாப்பத்தெட்டு நாள் இருக்கச் சொல்றீங்க?"

ஷர்வின் விழித்தான். "ஒரு வேளையா? யாரு?"

"நீங்க எல்லாரும்தான்."

"அலாமா, அக்கா! நாங்க சைவம்தான். மூணு வேளையும் நல்லா சாப்பிடறோம்லா. இவன்லாம் நாலு வேள." பக்கத்தில் நின்றவனைக் காட்டினான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஷர்வின் ரூபினியைப் பார்த்தான். "ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

புறப்படும்போது ஷர்வின் கட்டில் அருகில் குனிந்தான். "வேற ஆளப் பாக்கணும்னா இப்பவே சொல்லு. இல்லன்னா உன் எடத்த வச்சிருக்கேன்."

அவள் உடனே தட்டினாள். "வச்சிரு."

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய்ப் பயிற்சிக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னார்கள். ஒரு குச்சி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். ரூபினிக்கு இதைவிட நல்ல வைத்தியம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். தேதி, காலை, மதியம், மாலை, குச்சி எண்ணிக்கை, வலி பத்துக்கு எத்தனை. முதல் நாள் ஏழு குச்சி. நான்காம் நாளும் ஏழு. ஐந்தாம் நாள் எட்டு என்று எழுதி, அடித்து, ஏழரை என்று எழுதியிருந்தாள்.

"ஏழர எப்படி?" என்று கேட்டேன்.

"ஒரு குச்சியச் சீவினேன்." இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பேச முடிந்தது.

விரதத்தை என்ன செய்வது என்பதில் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு இருந்தது. மூன்று வேளையும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று சின்னம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். "வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரைய போட்டா முருகன் கோவிச்சுக்குவான்னா, அந்தக் கோவத்த நான் வாங்கிக்கறேன்." ரூபினி மூன்று வேளையும் சைவமாக அரைத்த கஞ்சி குடித்தாள். மாத்திரையை அலாரம் வைத்துப் போட்டாள்.

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் முன்பு டாக்டர் ஷஃபீக்கிடம் காட்டப் போனோம். அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. படித்திருந்தார். தையல் போட்ட இடத்தைப் பார்த்தார், பல் பிடுங்கிய இடத்தைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுச் சக்கரம் வைத்த ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"விரதம்னு நீ சொல்லலயேம்மா."

"நீங்க கேக்கல டாக்டர்." அவள் குற்றம் சாட்டவில்லை. தகவல் சொன்னாள்.

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். "நோன்பு மாசத்துல ஒவ்வொரு முஸ்லிம் பேஷண்ட்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுவேன். நோன்பு திறந்ததும் ஒண்ணு, விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு ஒண்ணுன்னு வர்ற மாதிரி மருந்தையே மாத்திடுவேன். எங்க அம்மாகிட்டயே கேப்பேன். இந்த ஊர்லதான் பொறந்தேன். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ரோடு அடைச்சிருக்குன்னு வேற வழியா வேலைக்கு வரேன். ஆனா ஜனவரில ஒரு தமிழ்ப் புள்ளகிட்ட எத்தன வேள சாப்பிடறேன்னு கேக்கத் தோணல பாரு."

"முழுசா போட்டிருந்தா இது வந்திருக்காதா?"

"உறுதியா சொல்ல முடியாது. பல்லுக்குள்ள இருக்கிறது மாத்திரையால மட்டும் போகாது. சில பேருக்கு எல்லாம் சரியா பண்ணாலும் வீங்கும்."

"பெர்சன்ட் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். "பெர்சன்ட் எனக்குத் தெரியாதும்மா. குறைஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு. அவ்ளோதான் சொல்வேன்."

அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஒன்று என் தப்பு என்று இருக்க வேண்டும், அல்லது என் தப்பு இல்லை என்று இருக்க வேண்டும் என எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"பாடலாமா டாக்டர்?"

அவர் அளந்தார். இருபத்திரண்டு. "பாடு. வாய்க்கு அதுவும் பயிற்சிதான். ஆனா வலிச்சா அந்த இடத்துலயே நிறுத்தணும். கடைசி வரைக்கும் பாடியே தீருவேன்னு நிக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பாடிப் பார்த்தாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். 'இ' வந்தது. 'ஊ' நன்றாகவே வந்தது. 'ஓ' சுமார். 'ஆ' வரும் இடத்தில் குரல் மூக்குக்குள் போய் அடைத்துக்கொண்டது. இரண்டு மூன்று முறை முயன்றாள். பிறகு பாட்டு நோட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நீளமாக இழுக்க வேண்டிய ஒவ்வொரு 'ஆ'வையும் சுற்றி வட்டம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பேனாவைத் தூக்கிப் போட்டாள்.

"அக்கா, இது அநியாயம். முருகா, கந்தா, வேலா, குமரா, அரோகரா. இவர எப்படிக் கூப்பிட்டாலும் வாயத் தொறந்துதான் கூப்பிடணும் போல."

முதல் பாட்டில் ஒன்பது. இரண்டாவதில் பதினேழு. மூன்றும் நான்கும் எண்ணவே வேண்டாம் என்றாள்.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி. ஷர்வினிடம் போய், "முதல் பாட்டுல ஒன்பது எடத்துல நான் முன்னாடியே விட்டுடுவேன். நீங்க பன்னெண்டு பேரும் பிடிக்கணும்" என்றாள்.

"இவனுங்களுக்குக் கை வேல செஞ்சா வாய் வேல செய்யாதுலா."

"முயற்சி பண்ணு."

முயன்றார்கள். பெரிய குழப்பம். குரலைப் பிடித்தால் அடி தப்பியது, அடியைப் பிடித்தால் குரல் வரவில்லை. மூச்சு வாங்கும் என்று முன்பு சொன்ன பையன்தான் முதலில் சரியாகப் பிடித்தான். ஒரு வாரம் அப்படியே போனது. குளிர்பெட்டித் தாளில் குச்சி பன்னிரண்டானது, பதின்மூன்றானது. பூசத்துக்கு முந்தின நாள் பதின்மூன்றரை.

தைப்பூசத்தன்று காலை லோரோங் கூலிட் சாலையில் நல்ல வெயில் ஏறிவிட்டது. காவடி எடுப்பவர் மோகனராஜ் அண்ணன், பிளாட்டில் ஆறாவது மாடிக்காரர். அவருக்கு முன்னால் பன்னிரண்டு பையன்கள் மஞ்சள் வேட்டியில். நடுவில் ரூபினி மஞ்சள் புடவையில், தாடைக்குக் கீழே சின்னப் பிளாஸ்திரி. சின்னம்மா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஷர்வின் கையைத் தூக்கினான். உறுமி முனகியது. ரூபினி மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்து, சத்தம் போடாமல், கிட்டத்தட்ட பேசுவது போல ஆரம்பித்தாள். பஜனையில் கேட்ட குரல் இல்லை இது. பாதி வாயால் பாடுகிற குரல். ஆனால் சுருதி நின்றது. சிவப்புப் பேனாவில் போட்ட முதல் வட்டம் வந்தது. அவள் நிறுத்தினாள். பையன்கள் பிடித்தார்கள், ஐந்து பேர் சரியாக, மற்றவர்கள் பின்னால். இரண்டாவது வட்டத்தில் ஒருவனும் பிடிக்கவில்லை. ஒரு விநாடி மேளம் மட்டும் கேட்டது. நான் சின்னம்மாவின் கையைப் பிடித்தேன். சின்னம்மா சட்டென்று வாயைத் திறந்து அந்த 'ஆ'வை இழுத்தார். சுருதி எங்கோ இருந்தது. சாலை ஓரத்தில் நின்ற பெண்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வட்டத்தில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஆள் குறைவில்லை.

ஒன்பதாவது முடிந்ததும் மேளம் வேகம் மாறி நின்றது. மோகனராஜ் அண்ணன் காவடியோடு ஒரு சுற்று ஆடினார். ஷர்வின் ரூபினியைப் பார்த்து இரண்டு விரல் காட்டினான். அடுத்த பாட்டா?

அவள் வலது கன்னத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வாயை மெல்லத் திறந்து மூடினாள். பிறகு மைக்கை அவன் பக்கம் நீட்டினாள்.

"இதுல பதினேழு இருக்கு. முடியாது. நீ பாடு."

"நானா? கூட்டம் ஓடிடும்லா."

"ஓடினா தடுக்கறோம். பாடு."

ஷர்வின் பாடினான். சுமாராகத்தான் பாடினான். பையன்கள் அடித்துக்கொண்டே சிரித்தார்கள். ஊர்வலம் நகர்ந்தது. ரூபினி எங்கள் பக்கம் வந்து, சின்னம்மா நீட்டிய தண்ணீரை வாயின் இடது பக்கமாகக் குடித்தாள். கண்ணில் நீர் இருந்தது. வலியா, வேறு ஏதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை கேட்டேன்.

"எதுக்கு அழற?"

"வலிக்குது. அஞ்சு." யோசித்தாள். "நாலு பாட்டுல ஒண்ணுதான் பாடினேன். அதுக்கும் ஒரு மூணு போட்டுக்க."

"வீட்டுக்குப் போயிடலாமா?"

அவள் மேளத்தின் பக்கம் திரும்பினாள். ஷர்வின் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் கூடவே அசைந்தது. பிறகு பாட்டிலை என் கையில் திணித்தாள்.

"ரெண்டாவது பாட்டுல கடைசி அடில ஒரே ஒரு 'ஆ'தான் இருக்கு அக்கா. அத மட்டும் நான் பாடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கை நோக்கி வேகமாக நடந்தாள்.